மூன்று கடைகளில் கிடைக்காத பாட்டு

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செல்போனைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தேன்.

பாடிக்கொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் குரலைக் கேட்ட யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா.

"ஏம்பா... வயித்து வலியா?"

"இல்லக்கா."

"பின்ன, யாரோ கழுத்தப் புடிச்ச மாதிரி சத்தம் வந்துச்சே?"

"போனுக்குப் பாடிக் காட்டிட்டு இருந்தேன்க்கா."

அக்கா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "போனு நமக்குப் பாடும்னுதான் நான் இத்தினி நாளா நெனச்சிட்டு இருக்கறேன்" என்றார்.

நியாயமான சந்தேகம்தானே?

ஐம்பதைத் தாண்டிய ஆள். பென்னாகரத்தில் பைப்புக் கடை வைத்திருப்பவன். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பார்த்தாலே பந்திப் பக்கம் நகர்ந்துவிடுகிறவன். அப்படிப்பட்டவன் எதற்காக உச்சி வெயிலில் நின்று போனுக்குப் பாடிக் காட்ட வேண்டும்?

காரணம் உள்ளே, ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. என் மனைவி ரத்னம்மா.

பொங்கல் முடிந்த வாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலுக்குத் தெம்பு மெல்லத் திரும்பிவிட்டது. வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் பேச்சு... அது அப்படியே போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. காபியில் சர்க்கரை கூடினால் முகத்திலேயே தெரிகிறது. வார்த்தை மட்டும் உதடு வரைக்கும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிற விருந்தாளி மாதிரி நின்றுவிடுகிறது.

தர்மபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சொன்னார்.

"பேச்சு நின்னு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு வருங்க. பேச்சு ஒரு வழியில வருது, பாட்டு வேற வழியில வருது. அவங்களுக்கு நல்லாப் பழகின பாட்டாப் பாத்துப் போடுங்க. கூடவே பாடச் சொல்லுங்க. அந்த வழியா நாலு வார்த்தையக் கூட்டிட்டு வந்துர முடியுமான்னு பாக்கலாம்."

"கட்டாயம் வந்துருமாங்க?"

"அப்பிடி நான் சொல்ல மாட்டேங்க. ஆனா இந்த மாசங்கதான் முக்கியம். அவங்களே வேணாம்னு விட்டுட்டாங்கன்னா அப்புறம் கஷ்டம்."

அதுதான் என் பயம். ரத்னம்மா விட்டுக்கொண்டிருந்தாள். மேடம் 'ஆ' சொல்லச் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். பயிற்சிக்குக் கிளம்பலாமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் இறங்குவதற்குள் குலம் கோத்திரம் விசாரித்துவிடுகிறவள், தன் வாயிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு வெட்கப்பட ஆரம்பித்துவிட்டாள்.

கூச்சம் என்பது எங்கள் வீட்டில் என்னுடைய இலாகா. அதை அவளிடம் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சேலத்தில் இருக்கும் மகள் கவிதா போனில் வழி சொன்னாள்.

"அப்பா, பாட்டு ஆப் மூணு இருக்குது. மூணுலயும் கொஞ்ச நாள் சும்மாவே கேக்கலாம். எதுல அம்மாவுக்குப் புடிச்ச பாட்டு நெறைய இருக்குதோ, அத மட்டும் வெச்சுக்கலாம். நீயே பாத்து முடிவு பண்ணு."

ஆப்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் ஊர்களின் அளவைப் பார்த்து நானே பெயர் வைத்தேன். எல்லாவற்றிலும் பெரியது சேலத்துக் கடை. நடுத்தரமானது தர்மபுரிக் கடை. சின்னது பொம்மிடிக் கடை.

கடைக்காரன் புத்தி எங்கே போகும்? உள்ளே போனதும் ஸ்டாக் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கடையின் தரம் முன்னால் அடுக்கியிருப்பதில் தெரியாது. பைப்பை வளைத்துத் திருப்புகிற ஒன்றரை இன்ச் எல்போ எல்லாக் கடையிலும்தான் இருக்கும். யாரும் கேட்காத ஒரு சாமானைக் கேட்டுப் பார்க்க வேண்டும்... அப்போதுதான் தெரியும்.

சேலத்துக் கடையில் கோடிக்கணக்கில் பாட்டு இருக்கிறதாம். இருக்கட்டும். ஒரு பாட்டைக் கேட்டால் எட்டைக் கொண்டுவந்து போடுகிறது. அசல் ஒன்று. அதையே வேகமாக ஒன்று. அதையே தூங்கி வழிகிற மாதிரி ஒன்று. பின்னால் மழைச் சத்தம் சேர்த்து ஒன்று. யாரோ ஒரு பையன் கிடாரை வைத்துக்கொண்டு வருத்தமாக ஒன்று... அசலை எடுங்கப்பா என்றால், அது எட்டாவது இடத்தில் இருக்கிறது.

தர்மபுரிக் கடையில் பழைய தமிழ்ப் பாட்டுகளை வருடவாரியாக அழகாக அடுக்கியிருந்தார்கள். ஆனால் சில பாட்டுகளின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். தொட்டால் பாடாது. விலாசம் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

பொம்மிடிக் கடை சின்னதுதான். ஆனால் அங்கே போய் மாரியம்மன் என்று தேடினால், நம் பக்கத்துத் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரில் அலறுகிற அதே பாட்டு, அதே கரகரப்போடு வந்து நிற்கிறது. மற்ற இரண்டு பெரிய கடைகளிலும் அது இல்லை. ஆச்சரியமாக இல்லை?

மூன்று கடைகளிலும் இன்னொரு வழக்கம். படம் எது, பாடியது யார் என்றெல்லாம் கேட்பதில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். மழை நாளா? காதல் முறிவா? நீண்ட பயணமா? நான் தேடித் தேடிப் பார்த்தேன். பேச்சு வராத மனைவியோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்று தனியாக அடுக்கு எதுவும் இல்லை.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, போனை ஜன்னல் கட்டையில் வைப்பேன். புளி உலுக்கி முடித்த நேரம். தெருவெல்லாம் பாய் விரித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் புளிப்பு வாசனையோடு பாட்டும் சேர்ந்து அறைக்குள் சுற்றும். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஆற்றின் போக்கில் கொஞ்ச நேரம் விடுவாரே... அப்படி. எந்தப் பாட்டில் ஏறினேன், எதில் இறங்கினேன் என்று தெரியாமல் மிதந்துகொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் அப்படியே கண்ணசந்துவிட்டேன். கனவில் ஒரு பெரிய குடோன். கூரை வரைக்கும் பைப்பு அடுக்கியிருக்கிறது. காற்று ஒவ்வொரு பைப்புக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. கோடிப் பைப்புகள், கோடிப் பாட்டுகள். நான் நடுவில் நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் தேடி வந்தது எது என்று மறந்துவிட்டது.

விழித்துப் பார்த்தேன். அறையில் சத்தமே இல்லை. ரத்னம்மா இடது கையை நீட்டி, போனை எடுத்து நிறுத்திக் கவிழ்த்து வைத்திருந்தாள். முகம் ஜன்னல் பக்கம்.

போதும் என்கிறாள். பாட்டையா? எல்லாவற்றையுமா?

அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடையில் ஒருவர் வந்தார். "அந்த சாமான் குடுங்கண்ணா... நீட்டா வந்து, இப்பிடி வளஞ்சி, மறுக்கா நீட்டாப் போவுமே" என்று காற்றில் கையால் வரைந்து காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இப்படித் தினமும் நாலு பேர் வருவார்கள். பெயர் தெரியாது, உருவம் தெரியும். பைப்புக் கடைக்கு உருவம் போதும்.

அவர் போன பிறகுதான் சுருக்கென்று உறைத்தது. என்னிடமும் ஒரு உருவம் இருக்கிறதே!

ரத்னம்மா துணி துவைக்கும்போது எப்போதும் ஒரே ஒரு மெட்டைத்தான் முனகுவாள். கல்யாணமான புதிதிலிருந்தே. துணியைக் கல்லில் அடிக்கிற அடிதான் தாளம். வார்த்தை எதுவும் எனக்குக் கேட்டதில்லை. ஏதோ பழைய சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்குப் 'பழகின பாட்டு' என்றால் அதைவிட வேறு எது? மூன்று கடைகளிலும் ஊரில் உள்ள பாட்டையெல்லாம் தேடினேனே தவிர, அதைத் தேடவில்லை.

பெயர் தெரியாவிட்டால் மெட்டை முனகிக் காட்டினாலே கண்டுபிடித்துவிடும் என்று கவிதா சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் பாடக் கூச்சம். அதனால்தான் வெள்ளிக்கிழமை கொல்லைப்புறம் போனேன்.

சேலத்துக் கடைக்கு முனகினேன். தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிய ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பாட்டைக் கொடுத்தது. தர்மபுரிக் கடை ஒரு பக்திப் பாட்டைக் கொடுத்தது. பொம்மிடிக் கடை, சத்தம் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி முயலுங்கள் என்றது. மூன்றில் அது ஒன்றுதான் உண்மையைப் பேசியது.

அந்த நேரத்தில்தான் முனியம்மா அக்கா எட்டிப் பார்த்தது. வயிற்று வலி இல்லை என்று உறுதியான பிறகு, "எந்தப் பாட்டுப்பா? எனக்கும் ஒருக்கா பாடிக் காட்டு" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு பாடிக் காட்டினேன்.

"அட! ரத்னா துணி தொவைக்கறப்ப பாடுவாளே, அதுவா? அது தமிழே இல்லியேப்பா."

"அவ முனகத்தானேக்கா செய்வா? வார்த்தையே வராதே?"

"நீ வூட்ல இருந்தா முனகுவா. நீ கடைக்குப் போயிட்டா வாயத் தொறந்து நல்லாப் பாடுவா. கன்னடம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ரத்னம்மாவுக்கு மாரண்டஅள்ளிப் பக்கம். அம்மா வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். இங்கே வந்த பிறகு தமிழ். தம்பியோடு போனில் பேசும்போது மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் இப்படித்தானே? அடுப்படியில் ஒரு பாஷை, அம்மா வீட்டுச் சண்டைக்கு ஒரு பாஷை. வெளியாள் வந்து என்ன பாஷை என்று கேட்டால், தமிழ் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

மூன்று ஆப்களும் முதல் நாளே அதைத்தான் கேட்டன. எந்தெந்த மொழியில் பாட்டு வேண்டும், தொட்டுக் காட்டுங்கள் என்று. என் விரல் பழக்கத்தில் தமிழைத் தொட்டது. தொட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

இப்போது திரும்பிப் போய்க் கன்னடத்தையும் தொட்டேன். பார்த்துப் பழகிய கடையில் திடீரென்று மாடிப்படி முளைத்த மாதிரி இருந்தது. மேலே போனால் இன்னொரு தளம், முழுக்கச் சாமான்! சேலத்துக் கடையில்தான் அதிகம். பொம்மிடிக் கடையில் கொஞ்சம்.

உள்ளே போய் ஒன்றைப் போட்டேன். ரத்னம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை... ஆனால் அசைந்தது!

கைக்கு எட்டுகிற தூரம் என்று தோன்றியது. அந்த மெட்டு மட்டும் கிடைத்துவிட்டால்? மூன்று கடைகளின் மாடியிலும் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை.

கடைசியில் மறுபடி கொல்லைக்கு வந்து மச்சான் மாதேசுக்குப் போன் போட்டேன். ரத்னம்மாவின் தம்பி. பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் இருக்கிறான். என்னை 'பாவா' என்று கூப்பிடுவான். அவர்கள் வழக்கத்தில் அக்கா புருஷன் பாவாதான்.

"மாதேசு, உங்கக்கா துணி தொவைக்கறப்ப ஒரு பாட்டுப் பாடுவாளே, அது என்ன பாட்டு?"

"எந்தப் பாட்டு பாவா? பாடுங்க."

பாடினேன்.

"கேக்கல பாவா, இங்க லாரி நிக்குது. சத்தமாப் பாடுங்க."

கொல்லையில் நின்று சத்தமாகப் பாடினேன். முனியம்மா அக்கா வீட்டிலிருந்து ஒரு நாய் குரைத்தது.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஐயோ பாவா! அது பாட்டே இல்ல. சோப்பு வெளம்பரம்!"

"என்னது?"

"பெங்களூர் ரேடியோல வரும் பாவா, நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப. துணி சோப்பு. அக்கா அதக் கேட்டுக் கேட்டுப் பாடிட்டே இருப்பா. அப்பன்கூடத் திட்டும். அந்த சோப்பே இப்ப இல்ல, நீங்க பாட்டத் தேடறீங்களா?"

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவனே பாடிக் காட்டினான். தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர்கள் யாரோ கை தட்டுவதும் கேட்டது. "அக்கா பாரே, தங்கி பாரே, பட்டெ ஒகெயோண பாரே..." அக்கா வா, தங்கச்சி வா, துணி துவைக்கலாம் வா. அவ்வளவுதான் பாட்டு. அதற்கு மேல் சோப்பின் பெயர் வருமாம். அது அவனுக்கே மறந்துவிட்டது.

"நான் மண்டி வேலய முடிச்சிட்டு, சாய்ந்தரம் நல்லா ரெகார்ட் பண்ணி அனுப்பறேன் பாவா" என்று வைத்துவிட்டான்.

கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கோடிப் பாட்டுகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் சோப்பு விளம்பரத்தை எதற்கு எடுத்து வைக்கப் போகிறார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாட்டு என்று ஒன்றை யாராவது நினைத்தால்தானே அது கடைக்கு வரும்? நம் நாக்கில் ஒட்டிக்கொண்டு கூடவே வருவதெல்லாம் நல்ல பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டமா என்ன? எது ஒட்டும், எது உதிரும் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருக்கலாம். மாதேசு அழகாகப் பாடி அனுப்பியிருப்பான். ஆனால் வார்த்தை என் வாயில் சூடாக இருந்தது. ஆறவிட மனசில்லை.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துப் பாட முடியாது என்பதால் அவள் காலைப் பார்த்துக்கொண்டு பாடினேன்.

முதல் வரியில் அவள் கால் விரல்கள் அசையாமல் நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். ரத்னம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளுக்கு இது எங்கே கிடைத்தது என்கிற பார்வை.

இரண்டாவது வரியில் புருவம் சுருங்கியது.

மூன்றாவது வரியில் மெட்டு மேலே ஏற வேண்டும் போலிருக்கிறது. நான் கீழே இறங்கிவிட்டேன்.

அவளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இடது கையைத் தூக்கி 'நிறுத்து' என்று காட்டினாள். பிறகு அதே கையால் கட்டில் சட்டத்தை அடித்தாள். தப்... தப்... துணியைக் கல்லில் அடிக்கிற அதே அடி. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.

"அக்கா பாரே... தங்கி பாரே... பட்டெ ஒகெயோண பாரே..."

முழுசாக. ஒரு வார்த்தைகூட உடையாமல். மேலே ஏற வேண்டிய இடத்தில் சரியாக ஏறி.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மறுபடி பாடினாள். மறுபடி. மாதேசுக்கே மறந்துபோன சோப்பின் பெயர்கூட அவள் வாயில் தானாக வந்து விழுந்தது. என் கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. கழற்றித் துடைத்தேன்... ஒன்றும் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பேச்சு முழுசாக வந்துவிட்டதா? இல்லை. பாட்டை விட்டு வெளியே வந்தால் வார்த்தை மறுபடி வாசலிலேயே நிற்கிறது. ஆனால் திங்கட்கிழமை பயிற்சிக்கு அவளே செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினாள். மேடத்துக்குச் சோப்பு விளம்பரத்தைப் பாடிக் காட்டினாள். "இனி இந்த மெட்டுலயே தண்ணி வேணும், காபி வேணும்னு பாடிப் பழகலாம்ங்க" என்றார் மேடம்.

கவிதா போனில் கேட்டாள். "எந்த ஆப் வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணியாப்பா?"

"மூணுலயும் இல்லம்மா. ஆனாலும் மாடி பெருசா இருக்கற சேலத்துக் கடையே இருக்கட்டும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பிறகு விளக்கிச் சொன்னேன்.

நேற்றுக் காலை காபியோடு போய் உட்கார்ந்தேன். ரத்னம்மா பாட ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். இத்தனை நாள் பழக்கத்தில் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது, குரலைத் தாராளமாகவே விட்டேன். மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. நான் வழக்கம் போலக் கீழே இறங்கினேன்.

ரத்னம்மா பாட்டை நிறுத்தினாள். இடது கையை என் வாய் மேல் வைத்தாள். மெட்டு எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நீங்க... பாடாதீங்க."

பொங்கலுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம்.

நான் நிறுத்துவேனா?